எல்லை கடக்கும் கைப்பேசி

மொழி வேறான இருவர் உரையாட வேண்டுமானால் அதற்கு வழிகள் இரண்டே. இருவரும் பொதுமொழி ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். அன்றேல் இரு மொழியும் அறிந்த துபாஷி ஒருவர் நடுவில் நிற்க வேண்டும். நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசிக்கும் இவ்விரண்டைத் தவிர வேறு வழி இல்லை. அது பேசும் மொழி வானொலி அலைகளால் ஆனது. அம்மொழியும் ஒன்றன்று, பல. ஜி.எஸ்.எம். என்பது ஒன்று, சி.டி.எம்.ஏ. என்பது மற்றொன்று, 3ஜி, 4ஜி, 5ஜி எனத் தலைமுறைதோறும் புதியது பிறந்துகொண்டே இருக்கிறது. இத்தனை மொழிகளுக்கிடையே ஒருவர் குரல் மற்றவர் செவியை எவ்வாறு தவறாமல் அடைகிறது? அந்த ஏற்பாட்டில் விரிசல் விழுவது எங்கே? அவ்விரிசலில் அகப்படுவோர் யார்? இவற்றைப் பற்றி இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகிறேன்.

ஐரோப்பாவிலிருந்து தொடங்குகிறேன். 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து என்னும் வடநாடுகள் நான்கும் என்.எம்.டி. என்ற பொதுவான நடமாடும் தொலைபேசி முறையைத் தொடங்கின. அந்நாளில் அது பெரும்பாலும் காரில் பொருத்தும் கனமான கருவி. ஆயினும் ஸ்டாக்ஹோமில் பதிவான கருவி ஓஸ்லோவிலும் பேசியது. அதே பத்தாண்டின் நடுவில் பிரிட்டன் டாக்ஸ் என்ற முறையையும், மேற்கு ஜெர்மனி சி-நெட்ஸ் என்ற முறையையும், பிரான்சு ரேடியோகாம் 2000 என்ற முறையையும், இத்தாலி தனக்கென வேறொரு முறையையும் அமைத்துக்கொண்டன. தன்னளவில் ஒவ்வொன்றும் பயன் தந்த முறையே. ஆனால் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட ஒரு வணிகர் ஜெர்மன் எல்லையைக் கடந்ததும், அவர் காரில் இருந்த தொலைபேசி வெறும் பெட்டியாயிற்று. நிலையத்தோடு தொடர்பு கொள்ளும் குறிகள் வேறு. சந்தாதாரரை அடையாளம் காணும் முறை வேறு. கட்டணக் கணக்கு எழுதும் முறையும் வேறு. சிறு சந்தைக்கெனச் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டமையால் கருவியின் விலையும் எளிதில் இறங்கவில்லை.

இந்நிலையை மாற்ற, ஐரோப்பிய நாடுகளின் அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்கள் கூடிய மாநாடு 1982-இல் ஒரு குழுவை நியமித்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘குரூப் ஸ்பெசியால் மொபில்’ என்று பெயர். ஜி.எஸ்.எம். என்ற மூன்றெழுத்து முதலில் குறித்தது இக்குழுவையே. உலகளாவிய முறை என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. ஐந்து ஆண்டுகள் ஆய்வும் வாதமும் நடந்த பின், 1987 செப்டம்பர் 7-ஆம் நாள் கோபன்ஹேகனில் 13 நாடுகளைச் சேர்ந்தோர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். 1991 ஜூலை முதல் நாள் பின்லாந்தில் அந்நாட்டின் முன்னாள் பிரதமர் ஹாரி ஹோல்கேரி இம்முறையில் முதல் அழைப்பை விடுத்தார். ஆயினும் கைப்பேசிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடு அதற்குள் முற்றுப்பெறாமையால், பல நாடுகளில் 1992-இல்தான் வாணிபம் தொடங்கியது. ஆயிரக்கணக்கான பக்கங்களில் விதிகளை எழுதிவிட்டால் மட்டும் போதாது. அவற்றைப் படித்த இரு தொழிற்சாலைகளும் ஒரே பொருளைத்தான் கொண்டனவா என்று சோதித்தும் அறியவேண்டும். அச்சோதனைக்கு ஆகும் காலம் வீண் காலம் அன்று.

1992-இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றும் ஒருவர் சந்தாதாரருக்கு மற்றவர் வலையில் இடமளிக்க ஒப்புக்கொண்டன. ‘ரோமிங்’ என்று நாம் இன்று இயல்பாகக் கூறும் வசதி இம்முறையில் தொடங்கியது இவ்வுடன்பாட்டால்தான். அது நடைபெறும் விதத்தைச் சற்று விளக்குகிறேன்.

ஒவ்வொரு சிம் அட்டையிலும் 15 இலக்கங்கள் வரை கொண்ட அடையாள எண் ஒன்று பதிந்திருக்கிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் இதுவன்று. இது வலைகள் தமக்குள் வழங்கும் எண். இதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். பின்லாந்துக்கு 244, நம் நாட்டுக்கு வழங்கப்பட்டவற்றுள் 404, 405 என்பன சில. இந்தியர் ஒருவர் ஹெல்சிங்கியில் இறங்கித் தம் கைப்பேசியை இயக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள வலை அந்த எண்ணைப் பார்த்து, இவர் இன்ன நாட்டவர், இன்ன நிறுவனத்தின் சந்தாதாரர் என்று அறிகிறது. உடனே அந்நிறுவனத்தின் தாய்ப் பதிவேட்டைக் கேட்கிறது: ‘இவர் உம்மவர்தாமா? இவருக்கு இடமளிக்கலாமா?’

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சந்தாதாரரின் இரகசியத் திறவுகோல் சிம் அட்டையிலும் தாய் நிறுவனத்திலும் மட்டுமே உண்டு. அதை அயல் வலைக்குக் கொடுப்பதில்லை. அதற்கு மாறாக, தாய் நிறுவனம் ஒரு வினா எண்ணையும் அதற்குரிய விடை எண்ணையும் அனுப்புகிறது. அயல் வலை வினாவைக் கைப்பேசியிடம் கொடுக்கிறது. சிம் அட்டை தன்னுள் இருக்கும் திறவுகோலைக் கொண்டு கணக்கிட்டு விடை கூறுகிறது. இரு விடைகளும் பொருந்தினால் வாயில் திறக்கிறது. இரகசியத்தை அறியாமலே விருந்தினரை அறிந்துகொள்ளும் இந்த வழியை வகுத்தவர்களை நான் வியக்கிறேன்.

பின்னர், சந்தாதாரர் இருக்கும் இடம் தாய்ப் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. வீடு மாறிச் செல்பவர் பழைய அஞ்சலகத்தில் புதிய முகவரியைச் சொல்லிவைப்பது போன்றதே இது. ஊரிலிருந்து மனைவி அவரை அழைத்தால், அழைப்பு முதலில் தாய்ப் பதிவேட்டை நாடுகிறது. பதிவேடு ஹெல்சிங்கி வலையிடம் ஒரு தற்காலிக எண்ணைக் கேட்டுப் பெறுகிறது. அந்த எண்ணைக் கொண்டு அழைப்பு அங்கே செல்கிறது. இத்தனையும் நடந்து முடியச் சில நொடிகளே ஆகின்றன.

இதுகாறும் ஒரே மொழி பேசும் வலைகளைப் பற்றிக் கூறினேன். மொழியே வேறானால் என்ன செய்வது? 1990-களில் உலகம் அந்நிலையை அடைந்தது. ஜப்பான் 1993-இல் பி.டி.சி. என்ற தன் முறையைத் தொடங்கியது. அமெரிக்காவில் குவால்காம் நிறுவனம் வளர்த்த சி.டி.எம்.ஏ. முறை 1993-இல் தரமாக ஏற்கப்பட்டு, 1995-இல் ஹாங்காங்கிலும் 1996-இல் தென்கொரியாவிலும் வழக்குக்கு வந்தது. ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசையை 8 பேர் காலத்தால் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் முறை வரும்போது பேசுகிறார்கள். சி.டி.எம்.ஏ. முறையிலோ எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் குரலும் தனித்தனிச் சங்கேதத்தால் பிரித்தெடுக்கப்படுகிறது.

நம் நாட்டில் ஜி.எஸ்.எம். சேவை 1995 ஜூலை 31-ஆம் நாள் தொடங்கியது. 2003-ஆம் ஆண்டையொட்டிச் சி.டி.எம்.ஏ. கைப்பேசிகளும் பெருவாரியாகப் பரவின. அவற்றுள் பலவற்றில் சிம் அட்டையே இல்லை. சந்தாதாரரின் அடையாளம் கருவியினுள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வகைக் கைப்பேசியிலிருந்து ஜி.எஸ்.எம். கைப்பேசிக்கு ஒருவர் தடையின்றிப் பேசினார். இது எவ்வாறு கூடியது? நடுவில் பழைய தொலைபேசி முறை துபாஷியாக நின்றது. அது குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 துணுக்குகளால் எழுதுகிறது; நொடிக்கு 64,000 துணுக்குகள். ஜி.எஸ்.எம்.மின் தொடக்க முறை அதையே 13,000 துணுக்குகளாகச் சுருக்குகிறது, சி.டி.எம்.ஏ. வேறொரு கணக்கின்படி சுருக்குகிறது. ஒருவர் சுருக்கியதை 64,000 ஆக விரித்து, மற்றவர் முறையில் மீண்டும் சுருக்கி அனுப்பினார்கள். இவ்வாறு விரித்துச் சுருக்கும்போதெல்லாம் குரலின் இனிமை சிறிது குன்றும். துபாஷி எவ்வளவு திறமை உடையவராயினும் மூலத்தின் சுவையில் ஒரு பங்கு போய்விடுகிறதல்லவா?

குரலுக்குப் பழைய தொலைபேசி துணை நின்றது. குறுஞ்செய்திக்கு அத்தகைய துணை இல்லை. அமெரிக்காவில் பல முறைகளும் பல நிறுவனங்களும் இருந்தமையால், 2002 வரையில் ஒரு நிறுவனத்தின் சந்தாதாரர் மற்றொரு நிறுவனத்தின் சந்தாதாரருக்குப் பொதுவாகக் குறுஞ்செய்தி அனுப்ப இயலவில்லை. ஐரோப்பாவின் இளைஞர்கள் அதற்குள் அதைத் தங்கள் அன்றாட வழக்கமாக்கிக்கொண்டிருந்தனர்.

நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: ‘உலகம் முழுவதும் ஒரே முறையை ஏற்றுக்கொண்டால் தொல்லை தீர்ந்துவிடுமே, ஏன் இந்தக் குழப்பம்?’ கேள்வி நியாயமானதே. ஆனால் 1987-இல் ஐரோப்பா தேர்ந்த முறையோடு உலகம் நின்றிருக்குமானால், சங்கேதத்தால் குரல்களைப் பிரிக்கும் முறை வணிகத்தில் தன் ஆற்றலைக் காட்ட வாய்ப்பே கிடைத்திராது. பின்னர் 3ஜி வந்தபோது ஐரோப்பாவும் ஜப்பானும் தழுவிக்கொண்டது அந்தச் சங்கேத முறையின் அடிப்படையைத்தான். ஆதலின் வேற்றுமையே தீமை என்று நான் கருதவில்லை. எது ஒன்றாக இருந்தே தீரவேண்டும், எது வேறாக இருக்கலாம் என்று பகுத்தறிவதே இத்துறையின் அறிவு.

3ஜி உருவான வரலாறே இதற்குச் சான்று. 1998 டிசம்பரில் ஒரு கூட்டமைப்பும், 1999 ஜனவரியில் மற்றொரு கூட்டமைப்பும் தோன்றின. முன்னது ஜி.எஸ்.எம். வழிவந்த முறைக்கு விதி வகுத்தது, பின்னது சி.டி.எம்.ஏ. வழிவந்த முறைக்கு வகுத்தது. காப்புரிமை பற்றி எரிக்சன் நிறுவனத்துக்கும் குவால்காம் நிறுவனத்துக்கும் வழக்கு நடந்து, 1999 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. அதே ஆண்டில் வலை நடத்துவோர் கூடி இரு சாராரையும் அருகே கொணர்ந்தனர். முதல் சாரார் சங்கேதத்தின் வேகத்தை நொடிக்கு 40,96,000-லிருந்து 38,40,000 ஆகக் குறைத்துக்கொண்டனர். இரண்டாம் சாராரின் வேகமோ 36,86,400. எண்கள் ஒன்றாகிவிடவில்லை, ஆயினும் இடைவெளி பெரிதும் குறுகியது. இரண்டாம் சாராரின் நிலையங்கள் செயற்கைக்கோள் வழியே வரும் நேரத்தை நம்பி ஒருமித்து இயங்குவன. முதல் சாராரின் நிலையங்களுக்கு அந்த நிபந்தனை தேவையில்லை. இவ்வேற்றுமையை அப்படியே விட்டுவிட்டனர். எந்த வானொலி முறையையும் எவ்வகைத் தாய் வலையோடும் இணைப்பதற்கான கொக்கிகளை மட்டும் விதிகளில் அமைத்துவைத்தனர். யாரும் முற்றும் தோற்கவில்லை. யாரும் முற்றும் வெல்லவுமில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் 3ஜி அலை எட்டாத ஊருக்குள் சென்றால், அழைப்பு அறுபடாமல் 2ஜிக்கு மாறவேண்டும். மாறுவதற்கு முன் அருகில் எந்த 2ஜி நிலையம் உண்டு என்று கைப்பேசி கேட்டறிய வேண்டும். 2ஜி கைப்பேசிக்கு இது எளிது. 8 பங்கில் தன் பங்கு போக மீதிப்பொழுதில் அண்டை நிலையங்களைக் கேட்கலாம். 3ஜியிலோ ஓய்வே கிடையாது. பேச்சு இடைவிடாது ஓடுகிறது. ஆகவே செயற்கையாக ஓய்வை உண்டாக்கினர். நொடியில் நூற்றிலொரு பங்கு கொண்ட ஒவ்வொரு சட்டத்திலும் 15 பகுதிகள் உண்டு. வேண்டும்போது அவற்றில் 7 வரை வெறுமையாக விட்டு, எஞ்சியவற்றில் பேச்சை நெருக்கி, சற்று உரக்க அனுப்புகின்றனர். அந்த இமைப்பொழுதில் கைப்பேசி அயலார் குரலுக்குச் செவி சாய்க்கிறது. பேசுகிற இருவரும் இதை உணர்வதில்லை. இணைந்து வாழ்வதற்குத் தன் பேச்சைச் சற்று நிறுத்திப் பிறரைக் கேட்கவேண்டும் என்பது இயந்திரத்துக்கும் விதியாக இருக்கிறது.

2009 டிசம்பர் 14-ஆம் நாள் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் 4ஜி தொடங்கியது. இதில் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. 4ஜி செய்திகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி அனுப்புவதற்கென்றே பிறந்தது. இருவருக்கிடையே பேச்சுக்கென ஒரு வழியை ஒதுக்கி வைக்கும் பழைய ஏற்பாடு அதில் இல்லை. தொலைபேசியின் வழித்தோன்றலுக்குத் தொலைபேசியாகப் பேசும் வழக்கம் இல்லாமற் போயிற்று! ஆதலால் அழைப்பு வந்ததும் கைப்பேசி 4ஜியை விட்டிறங்கி, 3ஜி அல்லது 2ஜியில் பேசிவிட்டு, மீண்டும் மேலேறும்படி செய்தனர். பின்னர் குரலையும் பொட்டலமாகக் கட்டும் வோல்டி என்னும் முறை 2012-இல் வழக்குக்கு வந்தது. நம் நாட்டில் 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ, கீழே இறங்குவதற்குப் பழைய வலை எதுவுமின்றி இம்முறையையே முழுதும் நம்பியது.

இனி விரிசலுக்கு வருகிறேன். வோல்டிக்கும் பொது விதிகள் உண்டு. ஆனால் அவ்விதிகள் பலவற்றில் ‘இவ்வாறும் செய்யலாம், அவ்வாறும் செய்யலாம்’ என்று இடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு நிறுவனம் ஒருவாறும், மற்றொன்று வேறொருவாறும் அமைத்துக்கொண்டன. ஆகவே ஒரு வலையில் இனிது பேசும் கைப்பேசி மற்றொரு வலையில் படங்களைக் காட்டும், ஆனால் பேசாது என்ற நிலை ஏற்பட்டது. பழைய வலைகள் உயிரோடு இருந்தவரையில் இக்குறை வெளியே தெரியவில்லை. கைப்பேசி ஓசையின்றிக் கீழிறங்கிப் பேசிக்கொண்டிருந்தது. பழைய வலைகளை மூடத் தொடங்கியபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் தங்கள் 3ஜி வலைகளை மூடின. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் 28-ஆம் நாள் இரு பெரு நிறுவனங்கள் மூடத் தொடங்கின. அங்கே அவசர உதவிக்குரிய எண் 000. சில 4ஜி கைப்பேசிகள் சாதாரண அழைப்புகளை 4ஜியிலேயே நன்றாக அனுப்பின. ஆனால் 000 என்று அழுத்தியவுடன் 3ஜியைத் தேடிச் செல்லுமாறு அவை அமைக்கப்பட்டிருந்தன. 3ஜி போய்விட்டால் அவை தேடிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் நன்றாகப் பேசும் கருவி, நெஞ்சுவலி கண்ட இரவில் மட்டும் வாய் திறவாது. அதுவரை உரியவருக்கு அதன் குறை தெரியவும் தெரியாது. இதனால் அந்நாட்டு அரசு, 000-ஐ அழைக்க இயலாத கைப்பேசிகளுக்கு வலையில் இடமே அளிக்கலாகாது என்று கட்டளையிட்டது. கடுமையான கட்டளைதான், பலர் தம் கருவியை மாற்ற நேர்ந்தது. ஆயினும் பொய்யான நம்பிக்கையைக் காட்டிலும் அது மேலானது என்பது என் கருத்து.

ஐரோப்பாவிலும் இதைப் போன்றதொரு கவலை உண்டு. 2018 மார்ச் 31 முதல் அங்கே அனுமதி பெறும் புதிய வகைக் கார்களில், விபத்து நேர்ந்தால் தானே 112-ஐ அழைக்கும் கருவி இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தனர். ஓட்டுநர் நினைவிழந்து கிடந்தாலும் வண்டி தன் இடத்தைச் சொல்லும். அந்தக் கருவிகள் 2ஜி, 3ஜி வலைகளை நம்பி அமைந்தவை. இடக்குறிப்பைக் குரல் செல்லும் வழியிலேயே ஒலிகளாக மாற்றி அனுப்புபவை. 4ஜிக்கேற்ற புதிய முறை வகுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கார் பல ஆண்டுகள் ஓடும். கைப்பேசியைப்போல் இரண்டொரு ஆண்டில் மாறுவதன்று. வலை மூடப்பட்ட ஊரில் பழைய வண்டி விபத்தில் சிக்கினால் அது யாரிடம் முறையிடும்?

பழையதை என்றும் காத்துவைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பழையதிலும் ஆபத்து உண்டு. 2ஜியில் வலை கைப்பேசியைச் சோதிக்கும். கைப்பேசி வலையைச் சோதிப்பதில்லை. போலி நிலையம் ஒன்றை நிறுவி ஒருவன் ஏமாற்ற அது இடந்தருகிறது. 3ஜியிலிருந்து இருபுறமும் சோதனை உண்டு. ஆனால் புதிய கைப்பேசியும் பழைய வலைக்கு இறங்க இசையுமானால், அங்குள்ள பலவீனத்துக்கும் ஆளாகிறது. மேலும் பழைய வலை அடைத்துக்கொண்டிருக்கும் அலைவரிசை புதியதற்கு வேண்டியிருக்கிறது. ஆகவே மூடுவது தவறன்று. யாரை வெளியே நிறுத்தி மூடுகிறோம் என்று எண்ணிப்பாராமல் மூடுவதே தவறு.

நேயர்களே! வலைகள் இணைந்து இயங்குவது பொறியியலால் மட்டும் நேர்வதன்று, வாக்குறுதியாலும் நேர்வது. உம் விருந்தினரை என் வலையில் ஏற்பேன் என்று ஒரு நிறுவனம் மற்றொன்றுக்குக் கொடுத்த வாக்குத்தான் நாம் எல்லை கடந்து பேசுவதற்கு அடிப்படை. அந்த வாக்கைப் பெற்றுத்தர 13 நாடுகள் ஐந்து ஆண்டுகள் பேசின. அதைக் கைவிடும்போதும் அதே பொறுமை வேண்டும். எந்தக் கருவி இன்னும் பழைய மொழியையே நம்பியிருக்கிறது, அது யார் கையில் இருக்கிறது, அவர் ஆபத்தில் அழைத்தால் அழைப்பு சென்று சேருமா என்பவற்றை முன்னரே சோதித்தறிந்த பின்னரே வலையை நிறுத்தவேண்டும். விதி வகுப்போர் அவசர அழைப்பில் ‘இவ்வாறும் அவ்வாறும்’ என்ற தெரிவுக்கு இடம் வைக்காமல், ஒரே வழியைத் திட்டமாக எழுதவேண்டும். மற்றவற்றில் முறைகள் எத்துணை வேறுபட்டாலும் கேடில்லை. உதவி வேண்டி எழும் குரல் எந்த வலையிலிருந்து வந்தாலும் எல்லா வலைகளுக்கும் விளங்கவேண்டும்.